உடம்பு எப்படி இருக்கிறது என்ற கேள்வி

பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், ஒவ்வொரு தேர்தல் முடிந்த பிறகும் ஓர் அறிவிப்பு வந்து விழுகிறது. இனி இங்கே அரசியல் வேண்டாம். நலம் விசாரிப்போம், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வோம், அது போதும் என்பது அதன் சாரம். பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் நிறைந்த குழுவானாலும் இதில் மாற்றமில்லை. இரண்டு மாதங்கள் அந்தக் குழு அமைதியாக இருக்கும். அதன் பிறகு நலவிசாரிப்பும் நின்றுவிடும். பூங்கொத்துப் படங்களும் காலை வணக்கமும் மட்டுமே மிஞ்சும்.

இந்த அறிவிப்புக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அக்கறை ஓர் அறையில் இருக்கிறது, அரசியல் வேறோர் அறையில் இருக்கிறது. நடுக்கதவைச் சாத்திவிட்டால் நட்புப் பிழைத்துக்கொள்ளும் என்பதே அது. இந்திய விடுதலைப் போராட்டத் தலைவர்களின் கடிதங்களைப் படிக்கும் எவருக்கும் இந்த நம்பிக்கை தவறு என்று தோன்றாமல் போகாது. அவர்கள் ஒரே தாளில் காய்ச்சலையும் காரியக் கமிட்டியையும் எழுதினார்கள். பிரிந்தபோதும் அரசியல் பேசியதால் மட்டும் பிரியவில்லை. ஒருவரின் நோயை மற்றவர் நம்ப மறுத்த இடத்தில்தான் விரிசல் ஆழமானது. இதற்கு 1937 முதல் 1941 வரையிலான ஆண்டுகள் போதிய சான்று தருகின்றன.

1937 அக்டோபர் இறுதியில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி கல்கத்தாவில் கூடியது. காந்தி அப்போது சரத் சந்திர போஸின் வீட்டில் தங்கியிருந்தார். சுபாஷின் அண்ணன் வீடு அது. ‘வந்தே மாதரம்’ பாடலை முழுமையாகப் பாடுவதா, முதல் இரண்டு பத்திகளோடு நிறுத்துவதா என்ற விவாதம் சூடாக இருந்த நேரம். இது குறித்துத் தாகூரின் கருத்தும் கேட்கப்பட்டது. முதல் பகுதியோடு நிறுத்தலாம் என்பதே அவர் நிலைப்பாடு. வங்காளத்தில் அதற்காக அவர் வாங்கிக்கட்டிக்கொண்டதும் உண்டு. தாகூர் அவ்வாண்டு செப்டம்பரில் நினைவிழந்து விழுந்து, பெருநோயிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்தார். காந்திக்கோ இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது. தாகூரைப் பார்க்கக் கிளம்பிய காந்தி வழியிலேயே தளர்ந்துபோனார். செய்தி அறிந்த தாகூர், எழுபத்தாறு வயதில், நோய் முற்றும் நீங்காத உடம்போடு, காந்தியைப் பார்க்கத் தாமே வந்தார். மாடிப்படி ஏற அவரால் இயலவில்லை. அவரை நாற்காலியில் அமர்த்தி நால்வர் தூக்கிச் சென்றார்கள் என்று நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. அந்த நால்வர் ஜவாஹர்லால், சுபாஷ், சரத், மகாதேவ் தேசாய்.

இந்தக் காட்சியில் உருக்கத்தை விடவும் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. இவர்களில் எந்த இருவரும் முழு உடன்பாடு கொண்டவர்கள் அல்லர். இராட்டை குறித்துத் தாகூரும் காந்தியும் அச்சில் மோதியவர்கள். 1934 பீகார் நிலநடுக்கத்தைத் தீண்டாமைப் பாவத்துக்கான தண்டனை என்று காந்தி சொன்னபோது தாகூர் வெளிப்படையாகக் கண்டித்தார். காந்தி அந்தக் கண்டனத்தைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, விசுவபாரதிக்கு நிதி திரட்ட நாட்டியக் குழுவோடு ஊர் ஊராக அலைந்த கவிஞரை டில்லியில் கண்டு, இந்த வயதில் இந்த அலைச்சல் வேண்டாம் என்று அறுபதாயிரம் ரூபாய்க்கு ஏற்பாடு செய்தவரும் அதே காந்திதான். நிலநடுக்கம் குறித்த கருத்தை இருவரும் திரும்பப் பெறவில்லை. அதற்கான அவசியம் இருப்பதாகவும் இருவருக்கும் தோன்றவில்லை.

மொழியியலில் இதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது. 1923இல் மாலினோவ்ஸ்கி ‘ஃபேட்டிக் கம்யூனியன்’ என்ற தொடரை உருவாக்கினார். தகவல் எதையும் சொல்லாமல், உறவைத் தொடர்வதற்காக மட்டுமே பேசப்படும் பேச்சு என்பது அதன் பொருள். நலமா, மழை உண்டா போன்ற கேள்விகள் அந்த வகையில் அடங்கும். பாடநூல்கள் நலவிசாரிப்பை இந்தப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகின்றன. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கும் நம் பழைய அஞ்சலட்டைகளை நினைத்தால் அது சரியென்றும் படும். ஆனால் இந்தப் பெட்டி சிறியது. இந்தியில் ‘தபியத்’ என்ற ஒரே சொல் உடல்நலத்தையும் மனப்போக்கையும் குறிக்கும். வங்காளியர் நலம் கேட்கும்போது உடம்பு எப்படி என்றே கேட்பார்கள். உடம்பு கெடுவதற்கும் மனம் கெடுவதற்கும் ஒரே அமைப்பிலான தொடரைப் பயன்படுத்துவார்கள். காய்ச்சல் நூறைத் தாண்டிய ஒருவரிடம் கேட்கப்படும் கேள்விக்குத் தகவல் மதிப்பு இல்லை என்று எந்த மொழியியலாளரும் சொல்லமாட்டார். சிறையும் உண்ணாநோன்பும் அரசியல் கருவிகளாக இருந்த காலத்தில், தலைவர் ஒருவரின் உடம்பே அரசியல் செய்திதான்.

நேருவுக்கும் சுபாஷுக்கும் இடையில் இது எப்படி நிகழ்ந்தது என்பது 1935இல் தொடங்குகிறது. கமலா நேரு ஜெர்மனியின் பாடன்வைலர் மருத்துவ இல்லத்தில் இருந்தார். அல்மோரா சிறையிலிருந்த நேரு, மனைவியின் நிலை மோசமானதால் செப்டம்பரில் விடுவிக்கப்பட்டு விமானம் ஏறினார். சுபாஷ் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். அவ்வாண்டுதான் வியன்னாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர். தம் உதவி தேவையென்றால் தயங்காமல் கூப்பிட வேண்டும் என்று நேருவுக்கு எழுதினார். கமலாவை நேரிலும் சென்று பார்த்தார். 1936 பிப்ரவரி 28 அன்று லோசானில் கமலா இறந்தார். அடுத்த வாரமே சுபாஷ் நேருவுக்கு எழுதிய கடிதம், முன்னணித் தலைவர்களுள் காங்கிரஸை முற்போக்கான திசையில் நடத்த நேரு ஒருவரைத்தான் நம்ப முடியும் என்கிறது. இழவு வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் கட்சி அரசியலா என்று இன்றைய குழு நிர்வாகி முகம் சுளிப்பார். நேரு சுளித்ததாகத் தெரியவில்லை. ஏப்ரலில் தாயகம் திரும்பிய சுபாஷ் பம்பாயில் கைதானபோது, காங்கிரஸ் தலைவராக இருந்த நேரு அவருக்காக நாடு முழுவதும் ஒரு நாளை அனுசரிக்கச் செய்தார்.

இனி 1939. அவ்வாண்டு ஜனவரி 29 அன்று பட்டாபி சீதாராமையாவை இருநூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்று சுபாஷ் மீண்டும் காங்கிரஸ் தலைவரானார். பட்டாபியின் தோல்வி தம் தோல்வி என்று காந்தி அறிவித்தார். பிப்ரவரி நடுவில் வார்தாவில் காந்தியைச் சந்தித்துவிட்டுத் திரும்பிய சுபாஷ் கடும் காய்ச்சலில் விழுந்தார். 22ஆம் தேதி வார்தாவில் கூடவிருந்த காரியக் கமிட்டியைத் தள்ளிவைக்கலாம் என்று தந்தி கொடுத்தார். அங்கே அந்தத் தந்தி, தாம் இல்லாமல் வழக்கமான அலுவல்கூட நடக்கக் கூடாது என்னும் அவநம்பிக்கையாகப் படிக்கப்பட்டது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பதவி விலகினர். நேரு தனியாக ஓர் அறிக்கை விட்டார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். தந்தி சொல்லுக்குச் சொல் காசு கேட்கும் ஊடகம். அதில் முதலில் உதிர்வது தொனி. காய்ச்சல்காரர் ஒருவர் படுக்கையிலிருந்து சொல்லி எழுதவைத்த இரண்டு வரி, நெடுந்தொலைவில் ஐயத்தோடு காத்திருந்தவர்கள் கையில் வேறொன்றாக மாறியது. நேரில் பார்த்திருந்தால் அந்த வரிகளை அவர்கள் அப்படிப் படித்திருக்க முடியாது. இன்றைய நீல நிற இரட்டைக் குறி பற்றியும் இதையே சொல்லலாம். பார்த்துவிட்டுப் பதில் எழுதவில்லை என்பதற்குக் காரணம் தலைவலியா, வெறுப்பா என்பதைத் திரை சொல்லாது.

மார்ச்சில் திரிபுரி மாநாடு. தலைவரை ஐம்பத்திரண்டு யானைகள் பூட்டிய தேரில் ஊர்வலமாக அழைத்துவர ஏற்பாடு. தேரில் வந்தது சுபாஷின் படம். சுபாஷ் ஆம்புலன்சில் வந்தார். ஜபல்பூர் மருத்துவமனைக்குப் போகச் சொன்ன மருத்துவர்களிடம் மறுத்துவிட்டார். தலைமை உரையைச் சரத் படித்தார். காந்தியும் அங்கே இல்லை. இராஜ்கோட்டில் மார்ச் 3 முதல் 7 வரை உண்ணாநோன்பிருந்து, தளர்ந்த உடம்போடு அங்கேயே இருந்தார். இரு பக்கத்துத் தலைவர்களும் படுக்கையில் கிடக்க, மாநாடு நடந்தது. காந்தியின் விருப்பப்படியே காரியக் கமிட்டியை அமைக்க வேண்டும் என்ற கோவிந்த வல்லப பந்தின் தீர்மானம் நிறைவேறியது.

தீர்மானத்தை விடவும் சுபாஷைப் புண்படுத்தியது வேறொன்று. அவர் நோய் உண்மையா என்று மாநாட்டுப் பந்தலில் பேசிக்கொண்டார்கள். அக்குளில் வெங்காயம் வைத்துக் காய்ச்சலை வரவழைத்திருக்கிறாரா என்று பாருங்கள் என ஒரு காங்கிரஸ்காரர் சொன்னதாக வாழ்க்கை வரலாறுகளில் வரும் கதை எவ்வளவு துல்லியமோ, அந்த மனநிலை பொய்யல்ல. ஏப்ரலில் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் தம் விசித்திர நோய் குறித்து சுபாஷ் ஒரு கட்டுரை எழுதினார். நாட்டின் முன் தம் காய்ச்சலுக்குச் சாட்சி சொல்ல வேண்டிய நிலைக்குக் காங்கிரஸ் தலைவர் வந்திருந்தார். அரசியலை விட்டே விலகிவிடலாமா என்று எண்ணும் அளவுக்குத் திரிபுரி அவரைக் கசக்கவைத்தது. அவரை அந்த எண்ணத்திலிருந்து மீட்டவர்கள் முன்பின் தெரியாத மக்கள். இந்து, முஸ்லிம், கிறித்தவர், பார்சி என எல்லாத் தரப்பிலிருந்தும் கடிதங்களும் மருந்துப் பொட்டலங்களும் தாயத்துகளும் வந்து குவிந்தன. கவிராஜர்களும் ஹகீம்களும் ஹோமியோபதியரும் ஆலோசனை எழுதினார்கள். மருந்துகளின் பயன் ஐயத்துக்குரியது. நோயை நம்பினார்கள் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு தன்பாத் அருகே ஜியால்கோராவில் ஓய்வெடுத்த சுபாஷுக்கும் காந்திக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து, இந்திய அரசியல் வரலாற்றில் மிகக் கறாரான உரையாடல்களில் ஒன்று. ஆங்கிலேயருக்கு ஆறு மாதக் கெடு விதிக்கலாம் என்பது சுபாஷின் நிலை. காற்றிலேயே வன்முறை வீசுகிறது என்பது காந்தியின் நிலை. கமிட்டியை நீங்களே அமையுங்கள் என்றார் சுபாஷ்; உங்கள் மேல் ஒரு கமிட்டியைத் திணிக்கமாட்டேன், உங்கள் விருப்பப்படி அமைத்துக்கொள்ளுங்கள் என்றார் காந்தி. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த இழுபறிக்கு நடுவே காந்தி ஒரு தந்தியில், தம்மிடம் வந்து தங்கினால் உடம்பைத் தேற்றிவிடும் பொறுப்பைத் தாம் ஏற்பதாகவும், மெல்ல மெல்லப் பேசிக்கொள்ளலாம் என்றும் அழைத்தார்.

இந்த அழைப்பை வெறும் அன்பென்று மட்டும் கொள்வதும் சரியாகாது. காந்தியின் பராமரிப்பு என்றால் மண்பட்டி, எனிமா, அளந்த உணவு, குறித்த உறக்கம். அதில் கிடக்கும் நோயாளிக்கு மாற்றுக் கருத்துச் சொல்லும் தெம்பு குறைவு. பணிவிடை செய்பவருக்கு நோயாளி மேல் ஓர் அதிகாரம் வந்துசேர்கிறது. தாயிடம் தோற்காத பிள்ளை இல்லை. சுபாஷ் போகவில்லை. போகாததற்கு மருத்துவர்களின் தடையும் ஒரு காரணம். ஆனால் போயிருந்தாலும் கெடு விதிப்பது பற்றி அவர் மனம் மாறியிருக்கும் என்று நம்ப இடமில்லை. அக்கறையைக் கொண்டு கருத்தை வென்றுவிடலாம் என்ற ஆசையும், அக்கறையைத் துறந்தால்தான் கருத்தில் நேர்மையாக இருக்க முடியும் என்ற எண்ணமும் ஒரே தவற்றின் இரு முனைகள். இரண்டுமே, அக்கறை கருத்துக்காக இருக்கிறது என்று கொள்கின்றன.

அதே ஜியால்கோராவிலிருந்து மார்ச் 28 அன்று நேருவுக்குச் சுபாஷ் எழுதிய கடிதம் தட்டச்சில் இருபத்தேழு பக்கம். உங்களை அரசியலில் மூத்த சகோதரராகவே கருதி வந்திருக்கிறேன், சில காலமாக என்மேல் உங்களுக்குக் கடும் வெறுப்பு வந்திருக்கிறது என்று தொடங்கி, பிப்ரவரி அறிக்கை வரை ஒவ்வொன்றாகக் கேட்கிறது. நேரு சில நாள்களிலேயே பதில் எழுதினார். வெளிப்படையான பேச்சு பலமுறை வலிக்கும், ஆனாலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டியவர்களுக்கு அது வேண்டியதே என்ற பொருளில் தொடங்கி, தம் குறைகளில் சிலவற்றை ஒப்புக்கொண்டு, பலவற்றை மறுக்கிறார். 1958இல் பழைய கடிதங்களைத் தொகுத்து நூலாக்கியபோது, தம்மைக் குத்திக் கிழிக்கும் இந்தக் கடிதத்தையும் நேரு சேர்த்தார். பிரதமராக இருந்த ஒருவர் அதை எளிதில் தவிர்த்திருக்கலாம்.

இருபத்தேழு பக்கக் கடிதம் எழுதும் அளவுக்கு ஒருவர் மற்றவரை மதித்தார் என்பது இன்று விளங்குவது கடினம். இன்றைய வழக்கம் குழுவிலிருந்து வெளியேறுவது. அவர் வெளியேறினார் என்ற குறிப்பு நிர்வாகிகளுக்கு மட்டும் வரும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மூன்று மாதம் கழித்து அவருக்கு இருதய அறுவை நடந்த செய்தி வேறொருவர் மூலம் வரும்போது, இப்போது விசாரித்தால் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கமும் கூடவே வரும். அரசியலைத் தடை செய்த குழுக்கள் காப்பாற்றிய நட்பு இதுதான்.

அதைவிடக் கெட்டது, திரிபுரிப் பந்தலின் வெங்காயக் கதை நாடு முழுவதும் பரவி நிற்பது. எந்தக் கட்சித் தலைவர் மருத்துவமனையில் சேர்ந்தாலும் முதல் எதிர்வினை ‘நாடகம்’ என்பதாக இருக்கிறது. அதிகாரம் இல்லாதவர்களிடம் இந்த ஐயம் உயிருக்கே உலை வைக்கும். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிய ஸ்டான் சுவாமி என்ற எண்பத்து மூன்று வயதுப் பாதிரியார், சிறையில் தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழாய்க் குவளை ஒன்றுக்காக 2020இல் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 5 அன்று, பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே அவர் இறந்தார். அவருடைய அரசியலோடு உடன்பாடு இல்லாதவர்கள் இருக்கலாம். வழக்கைப் பற்றி மாறுபட்ட கருத்து இருக்கலாம். நடுங்கும் கையைப் பற்றி இரண்டு கருத்து இருப்பதற்கில்லை. ஆனால் அந்த நாள்களில் படித்தவர்களின் உரையாடல்களிலேயே இரண்டு கருத்து இருந்தது.

அக்கறைக்கும் அரசியலுக்கும் நடுவே கதவைச் சாத்தச் சொல்பவர்கள் சண்டைக்கு அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. பலருக்கு நட்பு என்று மிஞ்சியிருப்பதே அந்த ஒரு குழுதான். ஆயினும் செய்தியைப் பகிராத நண்பரிடம் உடம்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது, அவரை நோயாளியாக மட்டும் நடத்துவது. ஒருவர் காலையில் படித்த செய்தியால் அவருக்கு இரவு தூக்கம் வரவில்லை என்றால், தூக்கத்தை விசாரித்துச் செய்தியை விடுவது எப்படி விசாரிப்பாகும்?

சுபாஷ் 1939 ஏப்ரல் 29 அன்று தலைவர் பதவியை விட்டார். ஆகஸ்டில் மூன்றாண்டுகளுக்குக் காங்கிரஸ் பொறுப்புகளிலிருந்து தடை செய்யப்பட்டார். தடையை நீக்கும்படி தாகூர் கேட்டபோதும் காந்தி இசையவில்லை. கட்டுப்பாட்டுக்குப் பணியும்படி சுபாஷுக்கு அறிவுரை கூறுமாறு பதில் சொன்னார். 1940 நவம்பர் 29 அன்று சுபாஷ் கல்கத்தாச் சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். டிசம்பர் 5 அன்று அரசு அவரை விடுவித்து, எல்கின் சாலை வீட்டில் காவலில் வைத்தது. அங்கிருந்தும் அவர் காந்திக்கு எழுதினார், சேர்ந்து போராடலாம் என்று. அம்மாத இறுதியில் காந்தியின் பதில் வந்தது. நோயுற்றாலும் நலமாக இருந்தாலும் உங்களை அடக்க முடியாது, வாணவேடிக்கையில் இறங்கும் முன் உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று செல்லமாகக் கடிந்துவிட்டு, ஒருவர் மற்றவரின் கருத்துக்கு மாறும்வரை நாம் வேறு வேறு படகுகளில்தான் போக வேண்டும் என்றது அந்தக் கடிதம்.

அதைப் படித்தபோது சுபாஷின் தப்பிச்செல்லும் திட்டம் ஏறத்தாழ முடிவாகியிருந்தது. தாடி வளர்ந்துகொண்டிருந்தது. அறைக்குள் தனிமையில் தியானத்தில் இருப்பதாக வெளியே சொல்லப்பட்டது. 1941 ஜனவரி 16 நள்ளிரவு தாண்டியதும் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பினார். காரை ஓட்டியவர் சரத்தின் மகன் சிசிர். கோமோ நிலையத்தில் ரயில் ஏறினார். வீட்டில் அவர் அறைக்குச் சாப்பாடு போய்க்கொண்டே இருந்தது.

அம்மாதக் கடைசி வாரத்தில் அவர் காணாமல் போன செய்தி வெளியானது. காந்தி சரத்துக்குத் தந்தி கொடுத்தார்: செய்தி திகைப்பாக இருக்கிறது, உண்மையைத் தெரிவியுங்கள், கவலையாக இருக்கிறது, எல்லோரும் நலம்தானே என்று. எல்லாம் அறிந்த சரத், சூழ்நிலையைப் பார்த்தால் துறவு பூண்டதாகத் தெரிகிறது என்று பதில் தந்தி அனுப்பினார்.